லாண்டூர் வரை ஒரு கோடு

"மசூரின்னு ஒரு ஊர் இருக்காமே. அங்க ஒரு தடவ போய்ப் பார்க்கணும்மா" என்று அப்பா சொன்னபோது, நான் அடுப்படியில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். சரியாகக் காதில் விழவில்லை. மைசூர் என்றுதான் நினைத்தேன். "மைசூருக்கா? தசராவுக்கா?" என்றேன்.

"மைசூர் இல்ல, மசூரி. வடக்க, இமயமலையில."

அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. இரண்டு வருடங்களுக்கு முன் இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஊர் சுற்றுவது என்றால் தைப்பூசத்துக்குப் பினாங்கு, பள்ளி விடுமுறைக்குக் கேமரன் மலை, அவ்வளவுதான். தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்திராத மனிதர், முதல்முறையாகக் கேட்ட இடம் ஈப்போவிலிருந்து மூன்று விமானம் மாற வேண்டிய மலை ஊர்.

அம்மா காசிக்குப் போகக் கேட்டார். "அடுத்த வருஷம் போகலாம்மா" என்றேன். அப்படி மூன்று அடுத்த வருடங்கள் போயின. நான்காவது வருடம் அம்மா மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். அதனால் அப்பாவிடம் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, "ஏன்பா மசூரி?" என்று கேட்டேன்.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அப்பா உக்கூர் ஆபீஸில், அதாவது நில அளவைத் துறையில், முப்பது வருடத்துக்கு மேல் 'செயின்மேன்' வேலை பார்த்தவர். பேராக் மாநிலத்தில் அவர் சங்கிலி இழுக்காத காடு குறைவு. அட்டைக் கடியும் மலேரியாக் காய்ச்சலும் அவர் சம்பளத்தோடு சேர்ந்து வந்தவை. அந்தக் காலத்து அளவைச் சங்கிலி 66 அடி நீளம், நூறு கண்ணிகள். கிரிக்கெட் ஆடுகளத்தின் 22 கஜம் அந்தச் சங்கிலியின் நீளம்தான். எண்பது சங்கிலி ஒரு மைல். இன்றைக்கும் அப்பா தூரத்தைச் சங்கிலியில்தான் சொல்வார். "கடை எவ்வளவு தூரம்பா?" என்றால், "இருபது சங்கிலி இருக்கும்" என்று பதில் வரும். பேரப்பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை.

யாரோ புலனத்தில் அனுப்பிய காணொளி ஒன்றில், இந்தியாவின் பெரும் நில அளவையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து அப்பாவுக்குத் தூக்கம் இல்லை.

கதை இதுதான். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஒரு நேர்க்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். ஏழரை மைல் நீளம். நூறு அடிச் சங்கிலியை ஏறத்தாழ நானூறு தடவை நீட்டி மடக்கியிருக்கிறார்கள். இரண்டு மாதம் பிடித்திருக்கிறது. வெயிலில் இரும்பு நீளும் என்பதால் பக்கத்தில் வெப்பமானி வைத்துக் கணக்குப் போட்டார்களாம். அந்தச் சங்கிலிக்கே தனிக் கதை உண்டு. சீனச் சக்கரவர்த்திக்கு இங்கிலாந்து அனுப்பிய பரிசுப் பொருள்களில் ஒன்று அது. அங்கே வேண்டாமென்று திரும்பி வந்து, கடைசியில் லாம்டன் கைக்குச் சேர்ந்தது.

ஒரு கோட்டின் நீளம் சரியாகத் தெரிந்துவிட்டால் போதும். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் உள்ள மலையையோ கோபுரத்தையோ பார்த்துக் கோணத்தை அளந்தால், மற்ற இரண்டு பக்கங்களின் நீளம் கணக்கில் வந்துவிடும். முக்கோணத்தின் மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே போகலாம். அப்படியே 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டிக் குமரிமுனையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் போனார்கள். கோணம் அளக்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் அதைத் தானே உட்கார்ந்து தட்டி நிமிர்த்தினார். 1823இல், வேலை பாதியில் இருக்கும்போதே, நாக்பூருக்குத் தெற்கே ஹிங்கன்காட் என்ற ஊரில் இறந்துபோனார். அவரிடம் உதவியாளராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் கோட்டைத் தொடர்ந்து இழுத்து, டேராடூன் பள்ளத்தாக்குக்கும் மசூரி மலைக்கும் கொண்டு சேர்த்தார். மசூரியில் வீடு வாங்கித் தங்கினார். அந்த வீடு இன்னும் நிற்கிறது.

அப்பா பார்க்க ஆசைப்பட்டது அந்த வீட்டைத்தான். "கோடு முடிஞ்ச எடம்மா அது" என்றார். பனி, பைன் மரம், குதிரைச் சவாரி எதுவும் அவர் பேச்சில் வரவில்லை.

எவரெஸ்ட் சிகரம் அங்கிருந்து தெரியுமா என்று அண்ணன் கேட்டார். தெரியாது. அது நேபாளத்தில், பல நூறு கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. எவரெஸ்ட் துரை 1843இல் ஊருக்குக் கிளம்பிவிட்டார். அதன்பிறகு, கணக்கர் ராதாநாத் சிக்தார் உள்ளிட்டவர்கள் போட்ட கணக்கில்தான் அந்தச் சிகரம் 29,002 அடி, உலகிலேயே உயரமானது என்று தெரிந்தது. 1865இல் அவர் பெயரை அதற்கு வைத்தார்கள். தன் பெயரை உள்ளூர்க்காரர்களால் உச்சரிக்க முடியாது என்று அவரே தயங்கியிருக்கிறார். நாம் இன்றைக்குச் சொல்லும் 'எவரெஸ்ட்' கூட அவர் வீட்டார் சொன்ன உச்சரிப்பு இல்லையாம். 'ஈவ்-ரெஸ்ட்' என்றுதான் சொல்வார்களாம்.

சரி, போவது என்று முடிவாகிவிட்டது. எங்கே தங்குவது?

மசூரியைப் பற்றி நான் படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்கியது. கோடையிலும் நீண்ட வார இறுதிகளிலும் டில்லியிலிருந்து கார்கள் வரிசை கட்டி ஏறுகின்றன. மால் ரோடு என்ற கடைத்தெருவில் நம்முடைய பிரிஞ்சாங் இரவுச் சந்தையைப் போலத் தோளோடு தோள் இடிக்க வேண்டும். அப்பாவை அந்த நெரிசலுக்குள் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனமில்லை. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், மசூரியின் கிழக்கு முனையில், அதற்கும் மேலே, லாண்டூர் என்று ஒரு சின்னப் பெயர் கண்ணில் பட்டது.

லாண்டூர் படைமுகாம் ஊர். 1827இல் நோயுற்ற ஆங்கிலேயச் சிப்பாய்கள் உடல் தேறுவதற்காக இங்கே ஓர் இல்லம் அமைத்தார்கள். வேல்ஸ் நாட்டுக் கிராமம் ஒன்றின் பெயர் திரிந்து லாண்டூர் ஆனது என்று சொல்கிறார்கள். இன்றும் மேல்பகுதி கண்டோன்மென்ட் நிர்வாகத்தின் கீழ் இருப்பதால், நினைத்தவர் நினைத்த இடத்தில் அடுக்குமாடி கட்ட முடியாது. ஊர் அமைதியாக இருப்பதற்கு மக்களின் நல்ல மனசைவிட இந்தச் சட்டம்தான் காரணம் என்பது என் எண்ணம். நம் கேமரனில் இப்படி ஒரு கெடுபிடி இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டேன்.

ஊர் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மலை முதுகைச் சுற்றி வரும் ஒரு பாதை. அதைச் சக்கர் என்கிறார்கள். தேவதாருவும் ஓக் மரமும் அடர்ந்த நிழல். சார் துகான் என்ற முனையில், பெயருக்கேற்ப, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விரல்விட்டு எண்ணக்கூடிய கடைகள். தேநீர், பன்-ஆம்லெட், மேகி. பக்கத்தில் செயின்ட் பால் தேவாலயம். புலி வேட்டைக் கதைகள் எழுதிய ஜிம் கார்பெட்டின் பெற்றோர் 1859இல் அங்கேதான் திருமணம் செய்துகொண்டார்கள். சற்றுத் தள்ளி, முன்பு மருத்துவத் தாதியர் தங்கியிருந்ததால் சிஸ்டர்ஸ் பஜார் என்று பெயர் பெற்ற இடம். அமெரிக்கப் பாதிரிமார் விட்டுப்போன பழக்கத்தில், அங்கே இன்றும் வேர்க்கடலை வெண்ணெய் அரைத்து விற்கிறார்கள். அந்தப் பாதிரிமார் இந்தி கற்கத் தொடங்கிய மொழிப்பள்ளியும் இன்னும் நடக்கிறது. எழுத்தாளர் ரஸ்கின் பாண்ட் பல்லாண்டுகளாக வாழ்வது இந்த ஊரில்தான். 1934இல் பிறந்தவர். அவர் வீட்டுக் கதவைத் தட்டுவதைச் சுற்றுலாவின் ஒரு பகுதியாகவே சிலர் வைத்திருக்கிறார்கள். தொண்ணூறைத் தாண்டிய மனிதரை நிம்மதியாக விட்டுவிடலாம்.

லால் டிப்பா என்பதுதான் மிக உயரமான முனை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,275 மீட்டர். வானம் தெளிவாக இருந்தால் பந்தர்பூஞ்ச், சுவர்க்காரோகிணி, கேதார்நாத் சிகரங்கள் தெரியும். பாண்டவர்கள் சொர்க்கத்துக்கு ஏறிய வழி என்று சொல்லப்படும் மலைதான் சுவர்க்காரோகிணி. நம் கணக்கில் சொல்வதானால், கெந்திங் ஏறத்தாழ 1,800 மீட்டர். பிரிஞ்சாங் மலை உச்சி 2,032. லாண்டூர் அதைவிட இன்னும் இருநூறு மீட்டர்வரை மேலே.

இந்த இருநூறு மீட்டர்தான் வீட்டில் சண்டையைக் கிளப்பியது.

அண்ணன் சிலாங்கூரில் இருக்கிறார். செய்தி எட்டியதும் அன்றிரவே அழைத்தார். "நெஞ்சுல ஸ்டென்ட் வச்சவர இமயமலைக்குக் கூட்டிட்டுப் போறியா? உனக்குப் புத்தி இருக்கா? அங்க ஏதாச்சும் ஆச்சுன்னா யார் பொறுப்பு?" என்றார். நான் பதில் பேசவில்லை. அவர் கேட்டது தப்பில்லை. ஸ்டென்ட் வைத்த அன்று இரவு முழுக்க மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். நான் மறுநாள் காலைதான் போய்ச் சேர்ந்தேன்.

டாக்டரிடம் அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். மலை நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தொல்லை கொடுக்கும் என்றார் அவர். ஆனால் இதய நோயாளிக்கு உயரத்தோடு குளிரும் ஏற்றமும் சேர்ந்தால் சுமைதான் என்றும் சொன்னார். சில நிபந்தனைகள் விதித்தார். ஒரே நாளில் கீழிருந்து உச்சிக்கு ஏறக்கூடாது. முதல் நாள் மேலே போனதும் ஓய்வு. மாத்திரைகளைக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும், பெட்டியில் அல்ல. டிசம்பர், ஜனவரி பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. கடைசியாக, "முதல்ல பிரிஞ்சாங்குக்குக் கூட்டிட்டுப் போய் நடக்க வச்சுப் பாருங்க. அங்கேயே மூச்சு வாங்கினா இந்தப் பேச்சை விட்டுடுங்க" என்றார்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் ஏறினோம். ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாள் காலை பிரிஞ்சாங் மலைச் சாலையில் காரை ஒதுக்கிவிட்டு நடந்தோம். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே குறுகலான சாலை. அப்பா எதுவும் பேசாமல், உதடு மட்டும் அசைய நடந்தார். காலடியை எண்ணுகிறார் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. திடீரென நின்று, சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார். முகத்தில் வியர்வை. எனக்குக் கை காலெல்லாம் நடுங்கியது. தண்ணீரை நீட்டினேன். நாடியைப் பிடித்துப் பார்த்தேன், எனக்கு என்ன தெரியும் என்று.

"பயப்படாத. எட்டுச் சங்கிலி ஆச்சு. அதான் உட்கார்ந்தேன்" என்றார்.

ஐந்து நிமிடம் கழித்து எழுந்து நடந்தார். இன்னொரு எட்டுச் சங்கிலி, மறுபடி உட்கார்ந்தார். நெஞ்சு வலி இல்லை, தலைச்சுற்றல் இல்லை. இப்படி நான்கு தடவை. திரும்பும்போது காரில் கணக்குச் சொன்னார்: "ஏத்தத்துல எட்டுச் சங்கிலிக்கு ஒரு தடவ உட்கார்ந்தா போதும். சமதரையில அதுக்கும் மேலயே போகலாம்." லாண்டூர்ச் சக்கர் மூன்று கிலோமீட்டர் வாக்கில் இருக்கும் என்றேன். மனத்துக்குள் போட்டுப் பார்த்து, "நூத்தம்பது சங்கிலி. பத்தொன்பது தடவ உட்காரணும். அரை நாள் ஆகும், ஆகட்டுமே" என்றார்.

வரும் வழியில் இன்னொன்றும் சொன்னார். இந்தக் கேமரன் மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரனும் ஒரு நில அளவையாளர்தான், 1885இல் வந்தவர். "அவர் பேர் மலையில இருக்கு. அவருக்குச் சங்கிலி இழுத்தவன் பேர் எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் சரி என்றார். அண்ணன் சரி என்று சொல்லவில்லை. ஆனால் போனை வைக்கவும் இல்லை.

இனி, இதே பக்கம் முதல்முறையாகப் போக நினைப்பவர்களுக்குப் பயன்படலாம் என்பதால், எங்கள் திட்டத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாதம் முக்கியம். ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை மழை. மலைச் சாலைகளில் மண்சரிவு சாதாரணம். சிகரம் ஒன்றும் தெரியாது. ஏப்ரல், மே, ஜூன் இதமான மாதங்கள், ஆனால் கூட்டம். மழை கழுவிவிட்ட வானம் அக்டோபரில்தான் கிடைக்கும். அந்தி வேளையில் மேற்கு வானில் இரண்டாவது தொடுவானம்போல ஒரு கோடு விழுமாம், 'விண்டர்லைன்' என்கிறார்கள். அக்டோபரிலிருந்தே அது தெரியத் தொடங்குமாம். அப்பாவுக்கு இன்னொரு கோடு. தசரா விடுமுறையும் தீபாவளி விடுமுறையும் கூட்டத்தை இழுக்கும் என்பதால், இரண்டுக்கும் இடையிலுள்ள நாள்களைப் பிடித்தேன். அதிலும் லாண்டூரில் திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும். சனி, ஞாயிறு அந்த மலையில் இருக்கவே கூடாது என்பது நான் படித்து அறிந்த முதல் பாடம்.

அறை தேடியதுதான் பெரிய வேலை. லாண்டூரில் விடுதிகள் குறைவு. பல, பழைய பங்களாக்களை மாற்றியவை. படத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கின்றன. சாலையிலிருந்து அறைக்கு எத்தனை படி என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. மலை ஊரில் சாலையோர விடுதி என்றால், சாலையிலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்க வேண்டியதாக இருக்கலாம். நான் ஒவ்வோர் இடமாக அழைத்து, "எத்தனை படி?" என்று கேட்டேன். ஓர் இடத்தில் "கொஞ்சம்தான் மேடம்" என்றார்கள். தயவுசெய்து எண்ணிச் சொல்லுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே போய் எண்ணிவிட்டு வந்தார்கள்: நாற்பத்திரண்டு. இன்னோர் இடத்தில் பதினொன்று. பதினொன்றையே பிடித்துக்கொண்டேன். அறையில் ஹீட்டர் உண்டா, மின்சாரம் போனால் மாற்று உண்டா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு லாண்டூர் சமூக மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் டேராடூனுக்கு இறங்க வேண்டும். அதையும் ஒரு தாளில் எழுதி அண்ணனுக்கு அனுப்பினேன்.

இந்திய விசாவை இணையத்திலேயே விண்ணப்பித்துக்கொள்ளலாம். கடப்பிதழில் குறைந்தது ஆறு மாதம் மீதி இருக்க வேண்டும். அப்பாவின் கடப்பிதழ் அம்மாவோடு தமிழ்நாட்டுக்குப் போனபோது எடுத்தது, எப்போதோ காலாவதியாகிவிட்டது. புதியதற்குப் படம் எடுக்கப் போனபோது, உக்கூர் ஆபீஸ் பணி ஓய்வு விழாவுக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

முதலில் நான் போட்ட வழி சுலபமானது. கோலாலம்பூரிலிருந்து டில்லி ஐந்தரை மணி நேரம். அங்கிருந்து டேராடூனுக்குச் சின்ன விமானம். விமான நிலையத்திலிருந்து காரில் மலை ஏறினால் அன்றே லாண்டூர். டாக்டரின் நிபந்தனைக்காக டேராடூனில் ஓர் இரவு சேர்த்தேன். டேராடூன் ஏறத்தாழ 640 மீட்டர் உயரம்தான். உடம்பு பழகிக்கொள்ள நல்ல இடம். தாளில் எழுதி அப்பாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"கோட்ட நடுவுல இருந்தாம்மா புடிப்பாங்க?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"சங்கிலி போட்டா மொத ஆணி எங்க அடிச்சோமோ அங்கருந்துதான் வரணும். பரங்கிமலையில தொடங்கணும்."

எனக்குக் கோபம்கூட வந்தது. எட்டு நாள் விடுப்புக்கே மேலாளரிடம் கெஞ்சியிருக்கிறேன். ஆனால் இரவு படுக்கையில் யோசித்தபோது, அவர் சொன்னதுதான் சரியாகப் பட்டது. மறுநாள் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்.

புதன்கிழமை சென்னைக்கு விமானம். வியாழன் பகலில் பரங்கிமலை. மேலே போகப் படிகளும் உண்டு, கார்ச் சாலையும் உண்டு, நாங்கள் கார். அன்றிரவு பத்து மணிக்குச் சென்னை சென்ட்ரலிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். டில்லிக்கு ஏறத்தாழ முப்பத்து மூன்று மணி நேரம். சனிக்கிழமை காலை இறங்கி டில்லியில் ஓய்வு. ஞாயிறு காலை சதாப்தி ரயிலில் ஏறினால், ஹரித்துவாரையும் ராஜாஜி வனத்தையும் கடந்து பிற்பகல் ஒரு மணி வாக்கில் டேராடூன். இந்திய நில அளவைத் துறையின் தலைமையகம் இன்றும் அந்த ஊரில்தான் இருக்கிறது. அதன் வாசலில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அப்பாவின் தனிக் கோரிக்கை. திங்கள் காலை டாக்ஸியில் மலை. முப்பத்தைந்து, நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுக்கு மேல் வளைவு. வாந்தி வருபவர்கள் வெறும் வயிற்றிலும் ஏறாதீர்கள், வயிறு நிறையவும் சாப்பிடாதீர்கள்.

ரயில் என்றதும் அண்ணன் மறுபடி வெடித்தார். முப்பத்து மூன்று மணி நேரம் இந்த வயதில் எதற்கு என்றார். நான் இரயில்வே வரைபடத்தை அவருக்கு அனுப்பினேன். சென்னை–டில்லி இருப்புப்பாதை, மறுநாள் நண்பகலைத் தாண்டி, நாக்பூர் வருவதற்கு முன், ஹிங்கன்காட் வழியாகத்தான் போகிறது. லாம்டன் செத்துப்போன ஊர். அவரை அங்கேதான் புதைத்தார்கள். ரயில் அங்கே நிற்காது. இருந்தாலும் அப்பா அந்த ஊரைப் பார்த்துக்கொண்டே கடந்து போகலாம். அண்ணனிடமிருந்து இரண்டு நாள் பதிலில்லை. மூன்றாம் நாள், "குளிர்சாதன வகுப்பு. கீழ்ப் படுக்கை. இல்லன்னா போகக்கூடாது" என்று ஒரு வரி வந்தது. அந்த ரயில்களில் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. கடப்பிதழைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். கீழ்ப் படுக்கை கிடைத்துவிட்டது.

எவரெஸ்ட் வீட்டுக்குப் புதன்கிழமை போவதாக ஏற்பாடு. அது மசூரியின் மறுமுனையில், ஹாத்திபாவ் பக்கம் இருக்கிறது. லாண்டூரிலிருந்து ஊரையே குறுக்காகக் கடக்க வேண்டும் என்பதால் காலையிலேயே டாக்ஸி பிடித்துவிட வேண்டும். வீட்டைப் புதுப்பித்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் உச்சிக்கு ஏறும் பாதை ஒன்று உண்டு, இளவட்டங்கள் ஏறுகிறார்கள். அப்பா ஏறக்கூடாது என்று நான் சொல்லியிருக்கிறேன். அவர் தலையை ஆட்டியிருக்கிறார். அந்தத் தலையாட்டலில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வெள்ளிக்கிழமை இறங்கி ரிஷிகேசத்தில் ஓர் இரவு. இது என் ஆசை. சுவாமி சிவானந்தர் 1924இல் ரிஷிகேசம் போய்ச் சேருவதற்கு முன், பத்தாண்டுகள் நம் மண்ணில், செரம்பானிலும் ஜொகூரிலும் மருத்துவராக இருந்தவர். பத்தமடையில் பிறந்து, மலாயாத் தோட்டப்புறத்துத் தமிழர்களுக்கு மருந்து கொடுத்தவரின் ஆசிரமத்தைக் கங்கைக் கரையில் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அம்மாவைக் காசிக்குக் கூட்டிப் போகவில்லை. அதே கங்கைதான் என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்ள எனக்கு வராது. ஆனாலும் அங்கே ஒரு விளக்கு விடுவேன். டேராடூன் விமான நிலையம் ரிஷிகேசத்துக்குப் பக்கம் என்பதால், சனிக்கிழமை அங்கிருந்தே டில்லி போய் ஊர் திரும்பிவிடலாம்.

துணிமணிக்கு ஒரு யோசனை. நம் ஊரில் குளிர் உடைக்குப் பேரங்காடிகளில் சொல்லும் விலையைக் கேட்டாலே காய்ச்சல் வரும். பண்டல் கடைக்குப் போங்கள். ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்து குவிந்த கம்பளிச் சட்டைகள் இருபது, முப்பது ரிங்கிட்டுக்குக் கிடைக்கின்றன. அப்பாவுக்கு அப்படி ஒரு நீல நிறக் கோட்டு வாங்கினேன். ஈப்போ வெயிலில் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அட்டை ஏறாது போலிருக்கே" என்றார்.

கோட்டோடு இன்னொரு பொருளும் பெட்டிக்குள் போயிருக்கிறது. சங்கிலி ஒவ்வொரு தடவை நீளும்போதும் முனையில் குத்தி வைக்கும் இரும்பு ஊசி. அம்பு என்பார்கள், தலையில் வளையமும் அதில் சிவப்புத் துணியும் இருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது அப்பா கொண்டுவந்த ஒரே பொருள் அது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்று மட்டும் சொல்லி, பெரிய பெட்டியின் அடியில், கம்பளிச் சட்டைக்குள் சுற்றி வைத்தேன்.

கிளம்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அப்பா தினமும் காலையில் தாமானைச் சுற்றி நடக்கிறார். நேற்று மாலை பேரப்பிள்ளையின் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, சென்னையிலிருந்து டில்லி வரை ரயில் கடக்கும் ஊர்களை வரிசையாக எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கி வந்து, ஹிங்கன்காட்டில் நிறுத்தினார்.

"அந்த ஊர் வரும்போது எந்தப் பக்கம் உட்காரணும்மா?"

எனக்குத் தெரியவில்லை. "நீங்க ஒரு பக்கம் பாருங்கப்பா, நான் ஒரு பக்கம் பார்க்கிறேன்" என்றேன்.